படத்துக்குச் சட்டம் போட்டவர்கள்: ஒரு வளைகுடாக் குறிப்பு

படத்துக்குச் சட்டம் போடும் தொழிலை நாங்கள் சார்ஜாவில் கற்றுக்கொண்டோம். படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றுவதை அதற்கு முன்பே ஊரில் கற்றிருந்தோம். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமத்து மக்கள் தென்மராட்சியை நோக்கி நடக்கத் தொடங்கிய அந்த இரவில், சுவர்களில் தொங்கிய படங்களை என்ன செய்வது என்ற கேள்வி எங்கள் வீடுகளிலும் எழுந்தது. கண்ணாடியும் மரமும் பாரம். மழை வேறு. படத்தின் முதுகில் அடித்திருந்த சிற்றாணிகளைக் கத்தி முனையால் நெம்பி, அட்டையை எடுத்து, செத்துப்போன ஐயாவின் படத்தையும் அக்காவின் கலியாணப் படத்தையும் உருவி, காணி உறுதியோடு சேர்த்துப் பொலித்தீன் பைக்குள் வைத்துக் கட்டினோம். வெறும் சட்டங்களைச் சுவரோடு சாத்திவிட்டு வெளிக்கிட்டோம். சுவரில் ஆணிகள் இருந்தன.

தமிழில் படத்தைச் சுற்றி இருப்பதும் சட்டம். ஒரு நாட்டில் மனிதரைச் சுற்றி இருப்பதும் சட்டம். மத்தியகிழக்கில் நாங்கள் இரண்டாவது சட்டத்துக்குள் இருந்துகொண்டு முதலாவது சட்டத்தைச் செய்தோம். எமது இடப்பெயர்வைப் பற்றி எழுதப்படுபவை பெரும்பாலும் பாரிஸ், சூரிச், ரொறன்ரோ என்று நின்றுவிடுகின்றன. வளைகுடாவில் உழைத்தவர்களை அகதிக் கணக்கிலும் சேர்ப்பதில்லை, குடியேறியவர் கணக்கிலும் சேர்ப்பதில்லை. ஒரு சிறு தொழிலின் வழியாக அந்தக் கதையின் ஒரு மூலையையாவது எழுதிவைக்கலாம் என்பதே இக்குறிப்பின் நோக்கம்.

*

முதலில் அந்தப் பொருளைப் பற்றி. சட்டம் போட்ட படம் எமது சாதாரண வீடுகளுக்குள் வந்து அதிக காலம் ஆகவில்லை. தஞ்சாவூர் ஓவியங்கள் மரச்சட்டத்தோடு பெரிய வீடுகளில் இருந்தன. ஏழை வீட்டுச் சுவருக்குக் கடவுள் வந்தது அச்சு இயந்திரத்தின் தயவால்தான். ரவி வர்மா 1894இல் பம்பாயில் அச்சகம் தொடங்கி, ஜேர்மன் தொழில்நுட்பத்தில் லட்சுமியையும் சரஸ்வதியையும் வண்ண அச்சுப் படங்களாக வெளியிட்டார். பின்னர் கோவில்பட்டியில் கொண்டையராஜுவும் (1898 – 1976) அவரது மாணவர்களும் வரைந்த தெய்வங்கள் சிவகாசியில் நாட்காட்டிகளாக அச்சாகி, தமிழர் போன இடமெல்லாம் போயின. வருடம் முடிந்தால் திகதித்தாளைக் கிழித்துவிட்டு முருகனைக் கடைக்குக் கொண்டுபோய்க் கண்ணாடி போடுவது வழக்கம். கத்தோலிக்க வீடுகளில் யேசுவின் திருஇருதயம், முஸ்லிம் வீடுகளில் கஃபா. காகிதத்தைக் காலத்திலிருந்து காப்பாற்ற எல்லாருக்கும் வேண்டியிருந்தது நாலு துண்டு மரமும் ஒரு கண்ணாடியும்தான்.

மனிதர்களின் படங்கள் அதற்குப் பிறகு ஏறின. எங்கள் பக்கத்தில் உயிரோடு இருப்பவரின் படத்துக்குச் சட்டம் போடுவதென்றால் அது கலியாணமாகவோ பட்டமளிப்பாகவோ இருக்கவேண்டும். மற்றபடி செத்தவருக்குத்தான் சட்டம். கண்ணாடியின் மேலேயே சந்தனப் பொட்டு, மேலே சிவப்புச் சிறு மின்குமிழ். இந்தப் பழக்கத்தைச் சுமந்துகொண்டுதான் நாங்கள் வளைகுடாவுக்குப் போனோம்.

*

வளைகுடாவில் இத்தொழில் எப்படி வந்தது என்பதை அங்குள்ள சுவர்களை வைத்தே சொல்லலாம். 1930களில் யப்பானிய வளர்ப்பு முத்து சந்தைக்கு வந்ததும், உலகப் பொருளாதார மந்தத்தோடு சேர்ந்து, முத்துக் குளிப்பு வீழ்ந்தது. அதன் பிறகு இரண்டு மூன்று தசாப்தங்கள் அந்தக் கரை வறுமையில் கிடந்தது. பவளக்கல்லில் கட்டிய வணிகர் வீடுகளை விட்டால், மற்றவர்கள் பெரும்பாலும் பேரீச்ச மட்டையால் வேய்ந்த வீடுகளில் இருந்தார்கள். மட்டைச் சுவரில் ஆணி நிற்காது. அபுதாபியில் 1958இல் எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டு 1962இல் ஏற்றுமதி தொடங்கியது. டுபாயில் கண்டுபிடித்தது 1966இல். 1971 டிசம்பர் 2இல் ஆறு எமிரேற்கள் சேர்ந்து ஒரு நாடாயின. ராஸ் அல் கைமா 1972 பெப்ரவரியில் சேர்ந்தது. பணம் வந்தது, சீமெந்து வந்தது, சுவர் வந்தது. சுவரோடு பாடசாலை, வங்கி, பொலிஸ் நிலையம், கடை. ஒவ்வொன்றிலும் ஆட்சியாளரின் படம்.

அந்தப் படங்களை எடுத்தவர்களும் வந்தேறிகளே. குவாதரில் பிறந்து டுபாய்க்கு வந்த நூர் அலி ராஷித், ஷேக்குகளின் குடும்பங்களைப் பல தசாப்தங்கள் படமெடுத்தார். அந்தக் கரையோடு எங்கள் துணைக்கண்டத்துக்கு இருந்த தொடர்பு இன்னும் பழையது. இந்திய ரிசேர்வ் வங்கி 1959இல் வளைகுடாவுக்கென்றே தனி ரூபாய் அச்சிட்டது. 1966இல் இந்திய ரூபாயின் மதிப்பு குறைக்கப்பட்டபோதுதான் அந்தப் பணம் அங்கே கைவிடப்பட்டது. திர்ஹம் பிறந்தது 1973இல். எங்கள் முதலாவது சம்பளத்தைத் திர்ஹமில் எண்ணியபோது இந்தக் கதை எங்களுக்குத் தெரியாது. ஒரு திர்ஹமுக்கு எத்தனை இலங்கை ரூபாய் என்பதே தெரிந்திருந்தது.

இலங்கையிலிருந்து மத்தியகிழக்குக்கு ஆட்கள் பெருமளவில் போகத் தொடங்கியது 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பிறகு. 1985இல் அரசு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தை நிறுவியது. போனவர்களில் பெரும்பாலானோர் வீட்டுவேலைக்குப் போன பெண்கள். வடக்குக் கிழக்கிலிருந்து போன எங்களுக்கு அது வேலை தேடிய பயணம் மட்டுமாக இருக்கவில்லை. கொழும்பு லொட்ஜுகளில் பொலிஸ் பதிவோடும் சுற்றிவளைப்போடும் காத்திருந்தவர்களுக்கு, ஐரோப்பாவுக்குக் கட்டப் பணம் இல்லாதபோது, வளைகுடா விசாதான் கைக்கெட்டியது. அகதி என்று சொல்ல அங்கே இடமில்லை. 'ஹெல்ப்பர்' என்று எழுதிய விசாவில் இறங்கினோம்.

*

சார்ஜாவின் தொழிற்பேட்டையில் ஒரு தகரக் கொட்டகை. முதல் மூன்று மாதம் எங்களுக்குக் கிடைத்த வேலை கண்ணாடி துடைப்பது. அதை வேலையென்றே நாங்கள் மதிக்கவில்லை. படத்தை மூடிக் கட்டிய பிறகு உள்ளே ஒரு தூசு தெரிந்தால் முழுவதையும் மறுபடி பிரிக்கவேண்டும் என்பது பத்துத் தடவை பிரித்த பிறகுதான் விளங்கியது. பாலைவனத்தில் தூசு எங்கிருந்தும் வரும். கண்ணாடியை இரண்டு பக்கமும் துடைத்து, வெளிச்சத்துக்குச் சரித்துப் பார்த்து, மூச்சு விடாமல் படத்தின் மேல் இறக்கவேண்டும்.

பிறகு வெட்டு. அங்கே மோல்டிங் வெட்ட டென்மார்க்கின் மோர்சோ இயந்திரம் இருந்தது. காலால் மிதித்தால் இரண்டு கத்திகள் 45 பாகையில் இறங்கி ஒரே மிதியில் இரண்டு முனைகளை வெட்டும். ஊரில் மரவாளாலும் மூலைமட்டத்தாலும் செய்ததைப் பார்த்திருந்த எங்களுக்கு அது மந்திரம் போலிருந்தது. ஆனால் மந்திரம் மிதிப்பவனின் கவனத்தில்தான் இருந்தது. ஒரு சட்டத்துக்கு எட்டு வெட்டு. ஒவ்வொரு வெட்டிலும் அரைப் பாகை ஒரே பக்கமாகத் தவறினால் முதல் மூன்று மூலைகளும் பொருந்தியதுபோல் இருக்கும். நாலாவது மூலை 4 பாகை வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். புதியவன் அந்த நாலாவது மூலையைத்தான் திருத்தப் பார்ப்பான். பிழை முதலாவது வெட்டிலேயே நடந்திருக்கும். அதேபோல எதிரெதிர்ப் பக்கங்கள் மயிரிழை கூடக் குறையாமல் ஒரே நீளமாக இருக்கவேண்டும். அளவை வெளிவிளிம்பில் எடுக்கக்கூடாது. கண்ணாடி உட்காரும் உள்வெட்டில் எடுத்து, இரண்டு மூன்று மில்லிமீற்றர் இடம் விடவேண்டும். மரம் விரியும். இடம் விடாத சட்டத்தில் கண்ணாடி தானாகவே வெடிக்கும்.

வளைகுடாவின் காலநிலைக்கு என்று சில பாடங்கள் தனியாக இருந்தன. உள்ளே ஏசி, வெளியே 45 பாகை வெயிலும் கடற்கரை ஈரமும். குளிரூட்டிய கடையிலிருந்து படத்தை வெளியே கொண்டுபோனவுடன் கண்ணாடி வியர்க்கும். படம் கண்ணாடியில் தொட்டுக்கொண்டிருந்தால் அந்த ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும். பிறகு உரித்தால் முகம் போய்விடும். ஆகவே படத்துக்கும் கண்ணாடிக்கும் இடையில் அட்டைக் கரை வைத்து இடைவெளி விடுவது அழகுக்காக மட்டும் செய்யப்படுவதில்லை. அந்த அட்டையிலும் கீழ்க்கரையைச் சற்று அகலமாக வெட்டவேண்டும். நாலு பக்கமும் சமமாக விட்டால் படம் கீழே சரிந்ததுபோல் கண்ணுக்குப் படும். மலிவான அட்டையில் அமிலம் உண்டு, சில வருடத்தில் படத்தின் ஓரத்தைப் பழுப்பாக்கிவிடும். 1993இல் சார்ஜா ஈராண்டுக் கலைவிழா தொடங்கிய பிறகு, அமிலம் நீக்கிய அட்டை கேட்டு வரும் ஓவியர்களைப் பார்த்துத்தான் இதை அறிந்தோம். வெயில் படும் சுவரில் தொங்கும் அச்சுப் படத்தில் மஞ்சளும் சிவப்பும் முதலில் போகும், நீலம் மிஞ்சும். டுபாய்த் தேநீர்க் கடைகளில் நீலமாகிப்போன பிள்ளையாரைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும்.

மரம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லவேண்டும். இறுக்கமான, கணு இல்லாத றமின் மரம் இந்தோனேசிய, மலேசியச் சதுப்புக் காடுகளிலிருந்து வந்தது. மோல்டிங் செய்ய அதைப்போல மரம் இல்லை என்பார்கள். காடு அழிந்ததால் 2004இல் அதன் சர்வதேச வணிகம் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவரப்பட்டது. பிறகு பிளாஸ்ரிக் நுரையில் செய்த தங்கநிற மோல்டிங் பெருகியது. அது வெட்ட இலகு, வெயிலில் வளையும்.

சட்டத்தை மூடுவதற்கு முன் பின்பலகையின் உட்புறத்தில் பென்சிலால் அளவையும் திகதியையும் எழுதுவது அந்தப் பட்டறையின் வழக்கம். பெஷாவர்க்காரர் உருதுவிலும் கேரளத்தவர் மலையாளத்திலும் எழுதினார்கள். நாங்கள் தமிழில் எழுதினோம். மேற்பார்வையாளருக்கு இலக்கம் விளங்கினால் போதும்.

*

எங்களுக்குத் தொழில் சொல்லித் தந்தவர் யாழ்ப்பாணம் சோனகத் தெருக்காரர். நாங்கள் நானா என்றுதான் கூப்பிட்டோம். 1990 ஒக்ரோபர் 30ஆம் திகதி, இரண்டு மணி நேர அவகாசத்தில், புலிகளால் வெளியேற்றப்பட்ட யாழ்ப்பாண முஸ்லிம்களில் அவரும் ஒருவர். புத்தளத்து ஓலைக் கொட்டிலில் இரண்டு வருடம் இருந்துவிட்டு வந்தவர். எங்களுடைய திகதியும் ஒக்ரோபர் 30தான் என்பதை முதன்முதலில் அவரிடம் சொன்னபோது, எங்களுக்கும் அப்படி நடந்தது என்று காட்டும் ஒரு அவசரம் எங்கள் குரலில் இருந்தது. நானா கேட்டுவிட்டு, "உங்களுக்கு அஞ்சு வருசம் பிந்தி" என்றார். எங்களில் ஒருவருக்கும் பதில் வரவில்லை. அந்த 1990இல் நாங்கள் எங்கே நின்றோம், என்ன பேசினோம், எதைப் பேசாமல் விட்டோம் என்பது எங்களுக்குத் தெரியும்.

பட்டறைக்கு வரும் வேலையில் கணிசமானது அரபு எழுத்தணி. ஒருமுறை இரண்டு சாளரம் வைத்த ஒரே சட்டத்தில், அல்லாஹ் என்ற பெயரையும் முஹம்மது என்ற பெயரையும் இடமிருந்து வலமாக அடுக்கி மூடி வைத்துவிட்டோம். எங்கள் கண்ணுக்கு அதில் பிழை ஒன்றும் தெரியவில்லை. அப்படியே கொடுத்திருந்தால் விசா ரத்தாகி ஊருக்கு ஏற்றியிருப்பார்கள். நானா வந்து பார்த்து, சத்தம் போடாமல் சட்டத்தை மேசையில் கவிழ்த்து ஆணிகளைக் கழற்றினார். "வலத்திலிருந்து வாசி தம்பி. இறைவன் பெயர் வலப் பக்கம்." அரபு எழுத்துள்ள வெட்டுத் துண்டுகளை நிலத்தில் விழ விடமாட்டார். ஒரு பெட்டியில் சேர்த்துவைப்பார். கடதாசியில் கால் பட்டால் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் எங்களுக்கு அந்தப் பெட்டியை விளக்கவேண்டிய தேவை இருக்கவில்லை.

வந்த படங்களின் பட்டியலே அந்த நாட்டின் வரலாறு. கஞ்சர் எனப்படும் வளைந்த கத்திகளைப் பெட்டிச் சட்டத்தில் வைத்துக் கேட்பார்கள். பழைய முத்துப் படகுகளின் படங்கள், பருந்துகள். பலஸ்தீனர்கள் ஜெருசலேமின் பாறைக் குவிமாடத்தைக் கொண்டுவருவார்கள். மோல்டிங் தெரிவு செய்ய அவர்கள் எடுக்கும் நேரம் வேறு எவரும் எடுப்பதில்லை. 2004 நவம்பர் 2ஆம் திகதி ஷேக் சாயித் மறைந்தபோது நோன்பு மாதம். நாங்கள் இரவும் பகலும் அவருடைய படத்துக்குச் சட்டம் போட்டோம். புதிய ஜனாதிபதியின் படம் ஏறியபோதும் பழையவரின் படம் இறங்கவில்லை. 2006 ஜனவரியில் டுபாய் ஆட்சியாளர் மக்தூம் மறைந்தபோது மறுபடியும் அதே வேலை. ஆட்சி மாற்றத்தை எங்கள் ஊரில் துவக்குச் சத்தத்தில் அறிந்தோம், அங்கே மோல்டிங் கட்டணத்தில் அறிந்தோம்.

எங்கள் ஆட்கள் கொண்டுவந்தது பாஸ்போட் படம். கட்டிடத்தில் விழுந்தோ, தூக்கத்தில் நெஞ்சு நின்றோ ஒருவர் இறந்தால், அறைக்காரர் காசு சேர்த்து, இறந்தவரின் பாஸ்போட் படத்தைப் பெருப்பிப்பார்கள். பலருக்கு வேறு படமே இருக்காது. விசாவுக்காக எடுத்த படம்; சிரிக்காத முகம், வெள்ளைப் பின்னணி. இராமநாதபுரத்துக்காரர் ஒருவருக்கு அப்படிச் செய்தபோது, பெட்டியோடு விமானத்தில் போகவேண்டும் என்றார்கள். கண்ணாடி உடையும் என்று அக்ரிலிக் தகடு போட்டோம். காசு வாங்கவில்லை. பின்பலகையில் திகதி எழுதும்போது, எங்கள் பாஸ்போட் படங்களும் இதற்குத்தான் எடுக்கப்பட்டனவோ என்று ஒரு கணம் தோன்றியது.

*

தொழிலைக் கற்றபின் சொந்தமாகத் தொடங்கலாமே என்று வெளியிலிருப்பவர்கள் கேட்பார்கள். மோல்டிங் வெட்டும் இயந்திரம், கண்ணாடி வெட்டும் வைரம், ஒரு மேசை; முதல் பெரிதில்லை. ஆனால் நாங்கள் இருந்த காலத்தில், 1984ஆம் ஆண்டின் நிறுவனச் சட்டப்படி, கம்பனி ஒன்றின் 51 வீதம் அந்நாட்டுக் குடிமகனுடையதாக இருக்கவேண்டும். சிறு தொழில் அனுமதிப்பத்திரத்துக்கும் உள்ளூர் முகவர் ஒருவர் வேண்டும். அவருக்கு வருடாவருடம் கட்டணம். அதற்கு முன் கபீல் என்ற பொறுப்பாளி எங்களை விடவேண்டும். வேலை மாற அவரது எழுத்து, ஊர் போக அவரிடமிருந்த பாஸ்போட். 2021 ஜூன் முதல் 51 வீத நிபந்தனை பெரும்பாலான துறைகளில் நீக்கப்பட்டது. அடுத்த வருடம் 1980ஆம் ஆண்டின் தொழிற் சட்டத்துக்குப் பதிலாகப் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தது. நாங்கள் அதற்குள் கிளம்பிவிட்டோம்.

நிலையற்றதன்மை சம்பளத்தை விடப் பெரிய பிரச்சினை. 1990 ஓகஸ்ட் 2இல் ஈராக் குவைத்துக்குள் புகுந்தபோது, பல பத்தாயிரம் இலங்கையரும் இந்தியரும் கையில் கிடைத்ததோடு பாலைவனம் கடந்து ஜோர்தானுக்கு ஓடினார்கள். அவர்களில் சிலர் பிறகு எங்கள் அறைகளில் இருந்தார்கள். அவர்கள் சுவரில் எதையும் மாட்டமாட்டார்கள். எங்களுக்கும் அது பழகிவிட்டது. ஒரு அறையில் எட்டுப் பேர், இரட்டைக் கட்டில். ஆணி அடித்தால் வைப்புப்பணத்தில் பிடிப்பார்கள். பொலித்தீன் பையில் கொண்டுவந்த படங்களை அலுமாரிக் கதவின் உட்பக்கத்தில் ஒட்டினோம். நாள் முழுக்க மற்றவர் சுவருக்குச் சட்டம் போட்டுவிட்டு வந்து, அலுமாரியைத் திறந்து ஐயாவின் முகத்தைப் பார்த்தோம். வெட்டி மிஞ்சிய மோல்டிங்கில் அதற்கு ஒரு சட்டம் செய்திருக்கலாம். ஒருவரும் செய்யவில்லை.

2002 ஏப்ரலில் ஏ9 பாதை திறந்தபோது எங்களில் ஒருவரும் நானாவும் அடுத்தடுத்து விடுமுறையில் போனார்கள். எங்கள் வீட்டில் கூரை பாதி இல்லை. ஆனால் சுவர் இருந்தது, சுவரில் ஆணி இருந்தது, ஆணிக்குக் கீழே படம் தொங்கிய இடம் வெளிறிய சதுரமாகத் தெரிந்தது. நானா திரும்பி வந்தபோது இதைச் சொன்னோம். அவர் சோனகத் தெருவைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். கூரை, கதவு, யன்னல், நிலை எதுவும் இல்லை. அவருடைய வீட்டுச் சுவரில் பாதிக்கு மேல் யாரோ கல்லாகப் பெயர்த்துக்கொண்டு போயிருந்தார்கள். "அரசமரம் ஒண்டு நிக்குது" என்றார். பிறகு, "அந்தக் கறுப்பு மோல்டிங்கை எடு தம்பி, நாளைக்குக் குடுக்கவேணும்."

எங்களில் சிலர் பின்னர் கனடாவுக்கும் பிரான்சுக்கும் போனோம். ஒருவர் அங்கும் இதே தொழில் செய்கிறார். நானா புத்தளத்துக்குத் திரும்பினார். 1995இன் கதையை நாம் அடிக்கடி சொல்கிறோம், சொல்லவும் வேண்டும். ஆனால் எட்டு வெட்டில் பிழை எங்கே தொடங்கியது என்று பார்க்காமல் கடைசி மூலையை மட்டும் திருத்த முடியாது என்பதை எங்களுக்குக் கற்றுத் தந்தவர் 1990இல் வெளியேற்றப்பட்டவர். அதை விட்டுவிட்டு எங்கள் கதையைச் சொன்னால் மூலை பொருந்தாது.

சார்ஜாவிலும் டுபாயிலும் அஜ்மானிலும் நாங்கள் மூடிய சட்டங்கள் இன்னும் சில சுவர்களில் இருக்கக்கூடும். அவற்றின் முதுகைக் கழற்றிப் பார்த்தால், பின்பலகையின் உட்புறத்தில், பென்சிலில், தமிழில், ஒரு மாதத்தின் பெயர் இருக்கும்.